நூற்றைம்பத்தைந்தாம் கட்டை

திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்குப் பேருந்தில் போக ஒன்றரை மணி நேரம் ஆகும். திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஐம்பது நிமிடம். இதை எனக்கு யாரும் சொல்லித் தொலைக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதுவரை மிக்சியும் கிரைண்டரும் பழுது பார்த்தே காலம் தள்ளியவன் நான். வெளிநாடு என்றால் குறைந்தது ஒரு தூக்கமாவது போட்டு எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிக் கண்ணை மூடுகிறேன், பெல்ட் போடச் சொல்கிறார்கள். இறங்கப் போகிறதாம்.

"என்ன சாந்தி, நம்மள ஏமாத்துறானுங்களா? இப்பதானே ஏறினோம்" என்று மனைவியிடம் கேட்டேன்.

அவள் ஜன்னலைவிட்டுத் திரும்பவில்லை. "கொழும்பு வந்துருச்சுங்க" என்றாள்.

சாந்தி கிளிநொச்சிக்காரி. ஒன்பது வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு படகேறி வந்தவள். அடுத்த மாதமே திரும்பிப் போய் அம்மாவையும் அக்காவையும் அழைத்து வருவதாக அப்பா சொல்லியிருந்தார். அந்த அடுத்த மாதம் வரவேயில்லை. அப்பா திருச்சி அகதி முகாமிலேயே செத்துப்போனார். அம்மா எட்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே செத்துப்போனார். சாந்தி என்னைக் கல்யாணம் செய்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. தாளெல்லாம் ஒருவழியாகச் சரியாகி அவள் கைக்கு ஒரு பாஸ்போர்ட் வந்தது போன மாதம்தான்.

வந்த வேகத்தில் அவளுடைய அக்கா போன் செய்தார். அவர்கள் அப்பாவுக்கு அரசாங்கம் கொடுத்த முக்கால் ஏக்கர் நிலம் அங்கே இருக்கிறது. காணி என்று சொல்கிறார்கள். அக்கா அதில்தான் வீடு கட்டி, புருஷன் போன பிறகும் இரண்டு பெண்களை வளர்த்துக்கொண்டிருக்கிறார். ஆனால் படகேறுவதற்கு முன்பே அப்பா, தனக்குப் பிறகு சின்ன மகளுக்கு என்று பத்திரத்தில் எழுதிவைத்துவிட்டார். உரிமைக்காரி நாட்டிலேயே இல்லை, காணியை எனக்குக் கொடுங்கள் என்று எவனோ மனுப் போட்டிருக்கிறான். காணி அலுவலகத்தார் ஒரு நாள் ஊருக்கே வந்து மண்டபத்தில் உட்கார்ந்து விசாரிக்கப் போகிறார்கள். அன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் சாந்தி நேரில் வந்து, எனக்கு வேண்டாம், அக்காவுக்கே எழுதுங்கள் என்று கையெழுத்துப் போட்டால் வீடு தப்பும். வராவிட்டால் அக்காவும் பெண்களும் நடுத்தெருவில்.

"நூற்றைம்பத்தைஞ்சாம் கட்டையில இறங்குங்கோ. நான் ரோட்டிலயே நிப்பன்" என்று அக்கா சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

கட்டை என்றால் எனக்கு அடுப்பில் வைக்கிற கட்டைதான் தெரியும். "அது என்ன கட்டை?" என்று சாந்தியிடம் கேட்டேன்.

"ரோட்டோரம் நம்பர் போட்டு நட்டிருப்பாங்களே, அதுங்க. எங்க இடத்துக்கு அதான் பேரு" என்றாள். ஒன்பது வயதில் விட்டு வந்தவளுக்கு அவ்வளவுதான் ஞாபகம். எனக்கு அது போதும் என்று பட்டது. வழி கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

நேரே யாழ்ப்பாணத்துக்கும் விமானம் இருக்கிறது. அதில் இடம் கிடைக்காததால் கொழும்பு வழியாகப் போனோம். விமான நிலையத்துக்கு வெளியே ஒரு கடையில் டீ கேட்டேன். "பிளேன்ரீயோ, பால்ரீயோ?" என்றார் கடைக்காரர். பிளேனில் வந்தவர்களுக்குத் தனியாக ஒரு டீயா என்று நான் விழித்ததைப் பார்த்து சாந்தி சிரித்தாள். பால் இல்லாத டீக்கு அங்கே அப்படிப் பெயர். இஞ்சி தட்டிப் போட்டு, சீனியைக் கொட்டிக் கொடுத்தார். நன்றாகத்தான் இருந்தது. கூடவே முக்கோண வடிவத்தில் மீன் வைத்த ஒரு பன். திருச்சியில் பன்னுக்குள் மீனை வைத்துக் கொடுத்தால் கடையை அடித்து நொறுக்கிவிடுவார்கள். நான் மூன்று சாப்பிட்டேன்.

ஐம்பது நிமிடத்தில் ஒரு நாட்டையே எட்டிவிட்டோம், மீதி என்ன பெரிய தூரம் என்ற நினைப்பு எனக்கு. மூன்று மணி நேரத்தில் அக்கா வீட்டில் சாப்பாடு என்று சாந்தியிடம் சொல்லியும்விட்டேன். பேருந்தில் ஏறி மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தால் தென்னை மரங்கள்கூட இன்னும் முடியவில்லை. பாட்டை அலறவிட்டுக்கொண்டு போன அந்தப் பேருந்து, பொழுது சாயும் நேரத்தில் டமார் என்று டயர் வெடித்து நின்றது. நடத்துநர் சிங்களத்தில் ஏதோ கத்தினார். "மாற்று டயரும் பஞ்சராம். இதுக்கு மேல போகாதாம். கடவுளைக் கும்பிட்டுக்கொண்டு இறங்கட்டாம்" என்று பக்கத்து இருக்கை அம்மா தமிழில் சொன்னார். தம்புள்ளை என்ற ஊரில் ஓர் அறை எடுத்துப் படுத்தோம். சாந்திக்குக் குடலைப் புரட்டிக்கொண்டு வந்தது. இரண்டு வாய் சோறுகூட இறங்கவில்லை.

மறுநாள்தான் விசாரணை. விடியற்காலையிலேயே வடக்கே போகும் பேருந்து ஒன்றைப் பிடித்துவிட்டோம். வாந்திக்கு மாத்திரை போட்டதால் சாந்தி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் ஜன்னலோரம். அப்போதுதான் கவனித்தேன், சாலையோரம் எண் போட்ட கற்கள். எண்பது. எண்பத்தொன்று. எனக்குப் பிடிபட்டுவிட்டது. எண்ணிக்கொண்டே போக வேண்டியதுதான். மொபைலில் மேப் இருந்தது. கல் கண்ணுக்கு எதிரே நிற்கும்போது மேப் எதற்கு?

நூற்றைம்பது வந்ததும் பையை மடியில் வைத்துக்கொண்டேன். நூற்றைம்பத்தைந்தில் மணியை அடித்தேன். மணி ஏழேகால். நடத்துநர் சீட்டை வாங்கிப் பார்த்து, "கிளிநொச்சி, கிளிநொச்சி" என்று கையை முன்னால் நீட்டிக் காட்டினார். நான் கல்லைக் காட்டி, "நூத்தம்பத்தஞ்சு தம்பி, இதான் எங்க எடம்" என்றேன். அவர் இன்னும் ஏதோ சொன்னார். என்னிடம் வாதாடி ஜெயித்தவர்கள் குறைவு. தூக்கக் கலக்கத்தில் இருந்தவளைக் கைத்தாங்கலாக இறக்கினேன். பேருந்து போய்விட்டது.

ஒரு டீக்கடை, ஓர் அரசமரம், அதனடியில் சின்னதாக ஒரு புத்தர். அக்காவைக் காணோம். போன் போட்டேன்.

"அக்கா, நாங்க வந்துட்டோம். நூத்தம்பத்தஞ்சுல நிக்கிறோம்."

"நானும் இதிலதான் நிக்கிறன். விடியத் தொடக்கம் நிக்கிறன். உங்களைக் காணேல்லையே."

"டீக்கடை இருக்குதா?"

"ஓம், கடை இருக்கு."

"அரசமரம்?"

"அதுவும் நிக்குது. நீங்கள் ரோட்டுக்கு எந்தப் பக்கம்?"

நான் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய் நின்றேன். அங்கே அக்காவும் சாலையைக் கடந்து இந்தப் பக்கம் வந்தாராம். "கையைத் தூக்குங்கோ" என்றார். நடுரோட்டில் நின்று கையைத் தூக்கினேன். டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒருவரும் மரியாதைக்கு எனக்குக் கையைத் தூக்கினார்.

சாந்தி போனைப் பிடுங்கினாள். "அக்கா, ஆளுங்க யாரும் இல்ல. கடையில ரெண்டு பேர் சிங்களத்துல பேசிட்டிருக்காங்க."

பிறகு அக்கா சொன்னது எனக்கும் கேட்டது. "ஐயோ பிள்ளை, நீங்கள் வவுனியாவே தாண்டேல்லை. அது கிலோமீற்றர் கல்லு. இது மைல் கட்டை. மைல் கட்டையளைப் பிடுங்கி எத்தினையோ காலம். பேர் மட்டும்தான் நிக்குது."

அங்கேயே நின்று கணக்குப் போட்டேன். நூற்றைம்பத்தைந்து மைல் என்றால் இருநூற்று நாற்பத்தெட்டு கிலோமீட்டர். நாங்கள் நிற்பது நூற்றைம்பத்தைந்தில். இன்னும் தொண்ணூற்று மூன்று கிலோமீட்டர் இருக்கிறது. அரசமரம் பாக்கியில்லாமல் எல்லாம் சரியாக இருந்தது, ஊர் மட்டும் தப்பு. இல்லாத கல்லின் பெயரில் ஓர் ஊர் இருக்கிறதென்று எந்த மடையனுக்குத் தெரியும்? இருக்கிற கல்லைப் பார்த்து இறங்கியது தப்பா?

"நடத்துநர் ஏதாவது சொன்னாரா?" என்று சாந்தி கேட்டாள்.

"சொன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

நான் கல்லைக் காட்டினேன். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. பையின் மேல் உட்கார்ந்துகொண்டு மணியைப் பார்த்தாள். ஒரு நிமிடம் கழித்து மறுபடியும் பார்த்தாள். அதைப் பார்த்ததும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

எட்டு மணிக்கு வந்த பேருந்து நிற்கவில்லை. எட்டரைக்கு வந்ததில் படியிலும் ஆள். மூன்றாவதாக வந்த ஒரு வேனுக்குக் குறுக்கே போய் நின்றேன். ஓட்டுநர் என் தாயைப் பற்றி ஏதோ சொல்லியிருக்க வேண்டும், மொழி தெரியாததால் பிழைத்தார். ஒன்பது மணிக்கு மேல் மீன் லாரி ஒன்று டீக்கடையில் வந்து நின்றது. கொழும்பில் மீனை இறக்கிவிட்டு முல்லைத்தீவுக்கு வெறுமனே திரும்புகிற வண்டி. இறங்கியவரின் கழுத்தில் சிலுவை தொங்கியது, வாயில் தமிழ் இருந்தது. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மரியதாஸ் என்று பெயர் சொன்னார்.

நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, "நீங்கள் முதல் ஆள் இல்லை அண்ணை. போன வருசம் லண்டன்காரர் ஒருத்தர் இதே கல்லடியில சூட்கேசோட நிண்டவர்" என்றார். "ஏறுங்கோ. அவா யன்னல் பக்கம் இருக்கட்டும், சத்தி வந்தால் சுகம்." வாந்திக்கு அங்கே சத்தி என்று பெயர்.

லாரிக்குள் மீன் இல்லை, மீன் நாற்றம் இருந்தது. சாந்தி விசாரணைக்கென்று கட்டியிருந்த நீலப் பட்டுப்புடவையின் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள். முல்லைத்தீவுக்கும் கொழும்புக்கும் எவ்வளவு தூரம் என்று மரியதாசைக் கேட்டேன். தூரத்தைப் பற்றி யாரிடமும் கேட்கக் கூடாது என்று அரைமணி நேரத்துக்கு முன்னால்தான் சபதம் எடுத்திருந்தேன்.

"கிலோமீற்றர் ஆர் பாக்கிறது? எங்களுக்கு ஐஸ்தான் கணக்கு. ஏத்தேக்க ஒருக்காப் போடுவம், வழியில ஒருக்காப் போடுவம். மூண்டாந்தரம் போடவேண்டி வந்தால் அண்டைக்குப் பிந்திப்போனம் எண்டு அர்த்தம்."

வவுனியா தாண்டியதும் சாலை நேராக, அகலமாக, காலியாக ஓடியது. இரண்டு பக்கமும் காடு. நடுநடுவே நாலு வீடு, ஒரு கடை, மறுபடியும் காடு. நம் ஊரில் இப்படி ஒரு சாலை இருந்தால் இரண்டு பக்கமும் பிளாட் போட்டுக் கொடி நட்டிருப்பார்கள். எண்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம் என்று மரியதாஸ் சொன்னார். சண்டையில் பாதை பூட்டியிருந்த காலத்தில் இதே தூரத்தைக் காட்டுவழியே போய்ச் சேர அவருக்கு நான்கு நாள் பிடித்ததாம். அதைத் தேங்காய் விலை சொல்வது போலச் சொன்னார். நான்கு நாளா என்று கேட்டேன். "போய்ச் சேந்தனாங்கள்தானே" என்றார்.

மாங்குளத்தில் வலப்பக்கம் திரும்பினால் முல்லைத்தீவு. அங்கே எங்களை இறக்கிவிட்டுப் போவதுதான் பேச்சு. சந்தியில் மரியதாஸ் வண்டியை மெதுவாக்கி, சாந்தியின் முகத்தைப் பார்த்தார். நேரே விட்டார். "காணிப் பிரச்சினை எண்டால் பிந்தக்கூடாது. எங்கட கரையிலயும் இப்பிடித்தான், ஒரு கையெழுத்துக்கு ஆள் இல்லாமல் அண்ணன்ர காணி கைவிட்டுப் போட்டுது" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முன்பின் தெரியாத மனுஷன்.

ஆனால் அதே மனுஷன் முறிகண்டியில் பிள்ளையார் கோயில் முன்னால் வண்டியை நிறுத்தி இறங்கிவிட்டார். மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. எல்லா வண்டியும் அங்கே நின்றுதான் போகுமாம். வரிசையில் நின்று ஒரு தேங்காய் வாங்கி நிதானமாக உடைத்தார். எனக்கு ரத்தம் கொதித்தது.

"ஏங்க, நீங்க கிறிஸ்டியன்தானே?"

"நான் வேதம்தான் அண்ணை. லொறி சைவக்காரரிட்ட வாங்கினது" என்று சொல்லி, வறுத்த கச்சான் பொட்டலம் ஒன்றைக் கையில் கொடுத்தார். வேர்க்கடலையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கோபத்திலேயே முழுப் பொட்டலத்தையும் தின்று தீர்த்தேன்.

பதினொன்றே முக்காலுக்கு நிஜமான நூற்றைம்பத்தைந்தாம் கட்டையில் இறங்கினோம். கல்லே இல்லை. ஒரு கடை, ஓர் அரசமரம், அதன் கீழ் வெயிலில் கறுத்துப்போன ஒல்லியான ஒரு பெண். சாந்தியின் மூக்கு, சாந்தியின் நெற்றி. லாரிக்குக் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். கட்டிப்பிடித்து அழுவார்கள், நான் எப்படித் தேற்றுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அக்கா சாந்தியின் தோளைத் தொட்டு, "மீன் மணக்குது" என்றார். முப்பது வருஷத்துக்கு மேல் கழித்துச் சொன்ன முதல் வார்த்தை அது. பிறகு அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மண்டபத்தை நோக்கி ஓடினார்.

மேசைகளைத் துடைத்துக் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். காணி அலுவலர் ஒரு பெண், கண்ணாடி போட்ட நடுத்தர வயதுக்காரர். சாந்தியின் பாஸ்போர்ட்டையும் பிறப்புச் சான்றிதழையும் ஒன்றுக்கு மூன்று முறை பார்த்தார். ஒரு தாளை எடுத்துப் பெயர்களை எழுதினார். "இவா கையெழுத்து வைச்சவுடன மற்ற மனு தள்ளுபடியாகும். பிறகு நீங்கள் கீழ வையுங்கோ" என்று அக்காவிடம் சொன்னார். அக்கா அப்போதுதான் மூச்சே விட்டார். எழுதிக்கொண்டே அந்த அம்மா பேச்சுக்கு ஒரு வார்த்தை கேட்டார்.

"சரியாக் களைச்சுப்போனியள் போல. இந்தியா கனதூரம் என்ன?"

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "எங்கங்க மேடம் தூரம்? பிளேன்ல வெறும் ஐம்பது நிமிஷம். உங்க ரோட்டுலதான் ரெண்டு நாள் ஆச்சு" என்று சொல்லிச் சிரித்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. அக்கா என்னைப் பார்த்தார்.

"எத்தினை நிமிசம்?"

"ஐம்பது, அக்கா."

அக்கா கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தார். சாந்தியின் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"அம்மா பதினொரு நாள் பாயில கிடந்தவா. சாந்தி வாறாளோ, சாந்தி வாறாளோ எண்டு கேட்டபடி கிடந்தவா. நீ போனில என்ன சொன்னனீ? கனதூரம் அக்கா, வந்து சேரேலாது எண்டனீ. நான் அதைத்தான் அம்மாட்டச் சொன்னன். கனதூரம் அம்மா, பாவம் அவள், எப்பிடி வருவாள் எண்டு."

சாந்தி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பிறகு அவள் பேசினாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் வாயிலிருந்து நான் ஒருநாளும் கேட்டிராத பேச்சில் பேசினாள்.

"தாள் இல்லை எண்டு சொன்னால் அம்மாவுக்கு விளங்குமோ அக்கா? தூரம் எண்டால் விளங்கும். அதுதான் அப்பிடிச் சொன்னனான். எங்கட முகாம் ஏர்போட்டுக்குப் பக்கத்தில. கொழும்புப் பிளேன் எது எண்டு சின்னனிலயே எனக்குச் சத்தத்தில தெரியும். அம்மா செத்த அண்டைக்கு நான் அங்க போனனான். கம்பி வேலிக்கு வெளியில நிண்டு, காலமைப் பிளேன் ஏறுறதைப் பாத்தன். பின்னேரம் கொழும்பில இருந்து ஒண்டு வரும். அது வந்து இறங்குமட்டும் நிண்டனான். ஒண்டில போய் அம்மாவின்ர முகத்தைப் பாத்திட்டு மற்றதில வந்திருக்கலாம் எண்டு நினைச்சு நினைச்சு நிண்டனான்."

எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. முகாமில் இருக்கிற சனத்துக்குத் துக்கம் சொல்லிவிட்டு வருகிறேன் என்றுதான் காலையில் போனாள். ஆட்டோவுக்கு நான்தான் காசு கொடுத்து அனுப்பினேன். இருட்டும் நேரத்தில் முகமெல்லாம் வெயிலில் கன்றிப்போய் வந்து நின்றாள். ஒரு குடையை எடுத்துக்கொண்டு போகத் தெரியாதா என்று சத்தம் போட்டேன். சோறு வைக்க நேரமாகிவிட்டது என்றும் சொன்னேன்.

"பன்னிரண்டாகப் போகுது. வாசிச்சுப் பாத்து வையுங்கோ" என்று அலுவலர் மெல்லச் சொன்னார்.

சாந்தி தாளை எடுத்துச் சத்தமாக வாசித்தாள். இந்தக் காணியில் எனக்கு எந்த உரிமையும் இல்லை, இனிமேலும் கேட்க மாட்டேன், என் சுய விருப்பத்தின் பேரில் இதை எழுதித் தருகிறேன். வாசித்து முடித்துக் கையெழுத்துப் போட்டாள். அக்கா பேனாவை எடுத்துக் கீழே தன் பெயரை எழுதினார். எழுதிவிட்டுத் தன் சேலைத் தலைப்பால் தங்கையின் முகத்தைத் துடைத்துவிட்டார்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வேலியடியில நிண்டது உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாதுக்கா. இப்பதான் கேக்குறேன்."

"ஒரே வீட்டிலதானே இருக்கிறியள்?" என்றார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. தூரம் விசாரிப்பது போலத்தான் கேட்டார்.